ஓஸ்தியாவில் எடுத்த காலடி மண்

1

போன வாரம் என் மகள் ஜான்ஸி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஓஸ்தியாவுக்குச் சுற்றுலா போகிறார்களாம். அம்மாவோ அப்பாவோ சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். நான் மூடியைக் கழற்றினேன். அதற்கு மேல் கை நகரவில்லை.

ஆவடிப் பக்கம் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஓஸ்தியா என்பது ரோமாபுரிக்குப் பக்கத்தில் இருந்த பழைய துறைமுகப் பட்டணம். கடல் விலகிப் போய்விட்டது, ஆற்று மண் வந்து ஊரை மூடிவிட்டது. பிற்காலத்தில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தெருத் தெருவாகச் செங்கல் சுவர்கள் நிற்கின்றன, கூரை மட்டும் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அங்கே போனோம். அதற்கப்புறம் போகவில்லை. கடற்கரைக்குப் போகிற ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போது நான் இன்றைக்கும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

நான் பயந்த சுபாவக்காரன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடம் லேத் ஓட்டினேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த நாலு பேரில் பத்து விரலும் முழுசாக இருக்கிறவன் நான் ஒருவன்தான். அதற்குக் காரணம் திறமை இல்லை, பயம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பட்ட பயத்தில் எனக்கு வெட்கப்படவும் ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

2

ஜான்ஸிக்கு இரண்டு வயது முடிந்த மாதம் என் மனைவி ஸ்டெல்லா விமானம் ஏறினாள். ரோமில் ஒரு வயதான அம்மாளுக்கு ஆள் தேவைப்படுகிறது, சமையல், துணி, துணைக்கு இருப்பது எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். எண்பதுகளின் கடைசி அது. எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி மாசத்தில் பாதி நாள்தான் திறந்திருந்தது. இரண்டு வருடம் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றுதான் ஸ்டெல்லா சொன்னாள். நாலு வருடம் ஆனது.

அந்த நாலு வருடமும் முத்தாபுதுப்பேட்டை வீட்டில் குழந்தையை வளர்த்தது என் அக்கா மேரி. புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஜான்ஸிக்கு அவள்தான் எல்லாம். வாராவாரம் ஸ்டெல்லா டெலிபோன் பூத்துக்கு அழைப்பாள். நாங்கள் குழந்தைக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, பூத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ரிசீவரைக் காதில் வைத்தால் ஜான்ஸி வாயை இறுக்க மூடிக்கொள்வாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற அத்தையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் ஸ்டெல்லா 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு' என்று கெஞ்சுவது எனக்கும் கேட்கும்.

ஒருநாள் வேப்பம்பட்டில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போவதற்காக ஆவடி ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டிக்குக் காத்திருந்தோம். ஜான்ஸிக்கு அப்போது நாலு வயது. டிக்கெட்டைப் பையில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், குழந்தை இல்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஐயோ, கொயந்தயக் காணோம்! செவப்பு கவுனு! யாராச்சும் பாத்தீங்களா?"

அவ்வளவுதான். பிளாட்பாரமே எழுந்துவிட்டது. கூடையை அப்படியே போட்டுவிட்டு வேர்க்கடலை விற்கிற அம்மா ஓடினாள். இரண்டு பையன்கள் தண்டவாளத்தில் குதித்துத் தேடினார்கள். "பதறாத நைனா, எங்கயும் பூடாது" என்று ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேம்பாலப் படிக்கட்டுக்கு அடியில் பால் கேன்களுக்குப் பின்னால் குழந்தை கிடைத்தாள். வண்டிச் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள். உதடெல்லாம் வெளுத்துப்போய், பேச்சே இல்லை.

அக்கா அவள் நின்ற இடத்தில் குனிந்து, பாதம் பட்ட தரையிலிருந்து மூன்று விரலால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் கடலைப் பொட்டலக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதோடு கல் உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு சேர்த்து, மாதாவுக்கான மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டாள். பயந்த இடத்து மண்ணை எடுத்துச் சுற்றிப் போட்டால் பயம் அந்த மண்ணோடு போய்விடும். நம் பக்கத்தில் கோவிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எல்லாருமே செய்வதுதான். அன்று ராத்திரியே ஜான்ஸி சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

3

அவளுக்கு ஆறு வயது முடிந்தபோது நானும் அவளும் ரோமுக்கு வந்து சேர்ந்தோம். விமான நிலையத்தில் ஸ்டெல்லா கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஜான்ஸி என் காலுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, "யாருப்பா இந்த ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஸ்டெல்லா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை. அடுத்த எட்டு மாதம் ஜான்ஸி அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவாள்.

இந்த எட்டு மாதமும் என் பிழைப்பு வரிசையில் நிற்பதிலேயே போனது. வெளிநாட்டவர்களுக்கான போலீஸ் அலுவலகத்தில் விடியுமுன் போய் இடம் பிடிக்க வேண்டும். அங்கே எங்களுக்கு வந்த சிக்கல் குடும்பப் பெயர். ஊரில் இனிஷியலை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டோம். இங்கே அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆகவே நான் அருள் சவரிமுத்து, மனைவி ஸ்டெல்லா அந்தோணி, மகள் ஜான்ஸி அருள். அவரவருக்கு அவரவர் அப்பா பெயர், நம் கணக்கில் சரி. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர். இந்தக் குழந்தை இந்த அம்மாளின் குழந்தை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். பிறப்புச் சான்றிதழை மறுபடியும் முத்திரையோடு வாங்கி அனுப்பச் சொல்லி அக்காவுக்கு எழுதினோம். அதுவரைக்கும் என் கையில் இருந்தது ஒரே ஒரு ரசீது. விண்ணப்பம் வந்திருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த ரசீதை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? நம் ஊரில் ரேஷன் கார்டை வைப்பது போலத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக்கு அடியில், புதுத் துணிக்கு நடுவில். அசலை யாராவது வெளியில் கொண்டு போவார்களா? ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தமிழ்ப் பூசை வைக்கிற பாதரிடம் கொடுத்து, 'அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்' என்று எழுதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். பாதர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் குத்திக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓஸ்தியாவுக்குப் போனேன்.

4

போகச் சொன்னது ஸ்டெல்லா வேலை செய்த வீட்டு அம்மாள். நாலு வருடமாக இருக்கிறாய், ஒன்றையும் பார்க்கவில்லை, குழந்தையையாவது கூட்டிக்கொண்டு போ என்று விரட்டினாள். ஸ்டெல்லாவுக்கு ஒரே சந்தோஷம். விடிகாலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறினாள், உருளைக்கிழங்கு வறுத்தாள். பூசைக்குக் கட்டிய புடவையோடே ரயில் ஏறினாள்.

டிக்கெட் கொடுத்து உள்ளே போனால் முதலில் வருவது கல்லறைத் தெரு. சுவர் முழுக்க விளக்கு மாடம் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். இறந்தவர்களின் சாம்பலை அதில் வைப்பார்களாம். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

"இன்னாங்க இது, ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடியே சுடுகாடா?" என்றாள் ஸ்டெல்லா. "நம்மூர்ல கடைசியிலதான வெப்பாங்க."

"சும்மா கீறியா? கொயந்த பயந்துக்கப் போது."

"கொயந்தயா பயந்துக்குது? உங்க மூஞ்சியப் பாருங்க."

உள்ளே போகப் போக எனக்கும் கொஞ்சம் தெளிந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பிளாட் போட்டு, பாதி கட்டி, பணம் இல்லாமல் நிறுத்தி வைத்த வீடுகள் உண்டு அல்லவா? பூசாத செங்கல் சுவர், ஜன்னலுக்கு ஓட்டை, உள்ளே செடி முளைத்திருக்கும். அந்தத் தெருக்கள் அப்படித்தான் இருந்தன. "எல்லா ஊடும் லிண்டல் மட்டத்தோட நின்னுபோய்க்கீது, பாவம்" என்று ஸ்டெல்லா அந்த ஊர்க்காரர்களுக்காக வருத்தப்பட்டாள். ஜான்ஸி எங்களுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். பலகைகளில் இருந்ததைத் தனக்குத் தானே இத்தாலிய மொழியில் வாசித்துக்கொண்டு போனாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜான்ஸி பென்சிலை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

நாடக அரங்கின் கல் படிகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வாரம் ஆறு நாளும் மாடிப்படி ஏறி இறங்குகிற களைப்பு ஸ்டெல்லாவுக்கு. பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். "அஞ்சு நிமிசம், கொயந்தயப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

நானும் ஜான்ஸியும் பக்கத்துத் தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு மாவு அரைக்கிற கூடம். ஆள் உயரத்தில் கறுப்புக் கல் எந்திரங்கள் வரிசையாக நின்றன. மேல்கல் கீழ்க்கல் மேல் உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் கட்டை செருகுவதற்குச் சதுரமாகத் துளை. லேத்காரன் புத்தி எங்கே போகும்? இதை எப்படி மையம் பார்த்து உட்கார வைத்திருப்பான், எத்தனை நூல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று நான் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஜான்ஸி இல்லை.

5

இப்போது வெட்கப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவடி ஸ்டேஷனில் கத்திய வாய் இங்கே திறக்கவில்லை. திறந்தேன், காற்றுதான் வந்தது. நாலு சுவருக்கு அந்தப் பக்கம் சீருடை போட்ட காவலர் ஒருவர் சாவிக் கொத்தோடு நடந்து போனார். அவரிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. ஜெராக்ஸ். அசல் வீட்டில் இருக்கிறது. பெயர் கேட்பார், தாள் கேட்பார், மூன்று பேருக்கும் மூன்று பெயர் ஏன் என்று கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுற்றிப் பார்க்க வந்தவன் போல மெதுவாக நடந்து அவரைக் கடந்தேன். கடந்த பிறகு ஓடினேன்.

எத்தனை நிமிடம் அப்படி ஓடினேன் என்று தெரியாது. பத்துக்குக் குறையாது. ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி செங்கல், ஒரே மாதிரி ஓட்டை. இந்தத் தெருவில் இப்போதுதானே பார்த்தோம், இல்லை, இது வேறு தெரு. மூடியில்லாத கிணறு ஒன்று தெரிந்தது. கம்பி போட்டிருக்கிறதா என்று பார்க்கப் போகவே கால் வரவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற பயம் ஒரு பக்கம், சீருடை பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அதுதான் என் வெட்கம்.

கடைசியில் போய் ஸ்டெல்லாவை எழுப்பினேன்.

"ஜான்ஸி எங்க?" என்றாள் கண்ணைத் திறந்ததும்.

 அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி, செருப்பைக்கூடப் போடாமல், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் காவலரை நோக்கி ஓடினாள். சமையல்கட்டில் கற்ற இத்தாலிய மொழி அவளுடையது. வாக்கியம் எல்லாம் வராது. "பிள்ளை, என் பிள்ளை, சின்னது, மஞ்சள் கவுன்" என்று ஒவ்வொரு வார்த்தையாக அழுதுகொண்டே சொன்னாள். அவர் அவளிடம் பெயர் கேட்கவில்லை, தாள் கேட்கவில்லை. விசிலை எடுத்து ஊதிவிட்டு அவளோடு சேர்ந்து ஓடினார்.

6

அரை மணிக்கு மேல் தேடினோம். கண்டுபிடித்தவள் ஸ்டெல்லா. ஒரு வீட்டுக்குப் பின்புறம் தரைக்கு அடியில் இறங்குகிற படிகள் இருந்தன. கீழே ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. அதன் கோடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஜான்ஸி உட்கார்ந்திருந்தாள். பூனைக்குப் பின்னால் இறங்கியிருக்கிறாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டில் படி தெரியாமல் விழுந்திருக்கிறாள். நாங்கள் கூப்பிட்டது எல்லாம் கேட்டிருக்கிறது. குரல் வரவில்லை.

"கண்ணு, ஜான்ஸிம்மா, இங்க பாரு."

அவள் பார்க்கவில்லை. தூக்கினால் உடம்பு விறைத்திருந்தது. கை சில்லென்று இருந்தது. உதடு வெளுத்து, அதே ஆவடி ஸ்டேஷன் முகம். நான் அவளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"பயந்துகினா," என்றாள் ஸ்டெல்லா. "மண்ணு எடுக்கணும்."

குழந்தை உட்கார்ந்திருந்த இடத்தில் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் வழித்து வழித்து அள்ளினாள். அந்த ஈர மண்ணை முந்தானையில் கொட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு வருடம் போனில் கெஞ்சியவள், அம்மா என்ற உரிமையோடு குழந்தைக்காகச் செய்கிற முதல் காரியம் அது. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது படியின் மேலே அந்தக் காவலர் நின்றுகொண்டிருந்தார்.

7

வாசல் பக்கத்து அறைக்கு எங்களைக் கூட்டிப் போனார். கனத்த ஆள், கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி தொங்கியது. குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஸ்டெல்லாவின் இடுப்பைக் காட்டி, முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.

ஸ்டெல்லா மேசைமேல் அவிழ்த்தாள். மண் சரிந்தது. மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையும் கறுப்புமாகச் சின்னக் கற்கள் உருண்டன. புளியங்கொட்டை அளவு, நாலு பக்கமும் செதுக்கினது. ஆறு இருந்தன. காலையில் ஒரு குளியல் கூடத்தின் தரையில் அந்த மாதிரிக் கற்களால் குதிரையும் மீனும் பதித்து வைத்திருந்ததைக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தது எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே தொடாதே என்று ஐந்து மொழியில் எழுதியிருந்தது.

காவலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆறு கற்களையும் வரிசையாக வைத்தார். அதுவரை இருந்த இரக்கம் அவர் முகத்தில் இல்லை. தாள் கேட்டார்.

ஸ்டெல்லா இந்த நாட்டில் தங்குவதற்கான தன் அனுமதிப் புத்தகத்தை நீட்டினாள். நான் ஜெராக்ஸை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பாதரின் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அசல் எங்கே என்றார். வீட்டில், பெட்டியில் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அவர் பெயர்களைச் சத்தமாகப் படித்தார். சவரிமுத்து. அந்தோணி. குழந்தை பெயர் என்ன? அருள். மூன்று முறை படித்தார். பிறகு ஜான்ஸியைப் பார்த்தார். அவள் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடிக்காமல், சுவரோரம், ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போன் ரிசீவரைக் கையில் எடுத்தார்.

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என்னை விமானத்தில் ஏற்றினால் பரவாயில்லை. குழந்தையை யாரிடம் கொடுப்பார்கள்? ஸ்டெல்லாவின் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டால்? இரண்டு பெயரும் ஒட்டவில்லை என்று சொல்லித் தாயையும் மகளையும் வேறு வேறு இடத்தில் வைத்துவிட்டால்? நாலு வருடம் கடலுக்கு இரண்டு பக்கமும் கிடந்தோம், எட்டு மாதம்தான் ஒரே கூரை. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை.

காவலர் நம்பரைச் சுழற்றவில்லை. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து குழந்தையிடம் கேட்டார். அது எனக்குப் புரிந்தது. இவர்கள் யார், இந்த அம்மாள் உன் அம்மாவா?

 ஸ்டெல்லா ஜான்ஸி பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்து மேசைமேல் இருந்த மண்ணையே பார்த்தாள். எட்டு மாதமாக ஒரு தடவைகூடக் கூப்பிடாத பிள்ளையிடம் எந்த முகத்தோடு கேட்பாள்?

அப்போது ஜான்ஸி பேசினாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்த குரல், கரகரவென்று இருந்தது. "மீயா மம்மா" என்று ஆரம்பித்தாள். என் அம்மா. அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. அதற்கப்புறம் மடமடவென்று கொட்டினாள். நடுவில் கையைத் தூக்கி மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினாள். மேசைமேல் இருந்த மண் குவியலைக் காட்டினாள். ஸ்டெல்லாவைக் காட்டினாள். மறுபடியும் மூன்று விரலைக் காட்டினாள்.

காவலர் அவள் விரலைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், பிறகு ஸ்டெல்லாவை நெடுநேரம் பார்த்தார். ரிசீவரை வைத்துவிட்டார். ஆறு கற்களையும் ஒரு தகர டப்பாவில் போட்டார். பேனா முனையால் மண்ணைக் கிளறி வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தன் தடித்த மூன்று விரலால் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, நுழைவுச் சீட்டின் பின்புறம் மடித்து, ஸ்டெல்லாவின் உள்ளங்கையில் வைத்தார். அசல் தாள் இல்லாமல் இனிமேல் வெளியே வராதே என்று என்னிடம் மட்டும் கடுமையாகச் சொன்னார்.

8

ரயிலில் ஜான்ஸி ஸ்டெல்லாவின் மடியில் தூங்கிவிட்டாள். 

"இன்னா சொன்னா அந்தாளுகிட்ட?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இது எங்க சாமி வயக்கம்னு சொன்னா. வேற இன்னா சொல்லப்போறா? வுடுங்க."

"அம்மான்னு சொன்னாளே, கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது.

நாங்கள் இருந்தது வீட்டு அம்மாளின் கட்டிடத்தில் தரைக்குக் கீழே இரண்டு அறை. மிளகாய்ப் புகை மேலே போனால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எனக்கு அது வேறு பயம். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத் துண்டைத் திணித்தேன். சீட்டில் மடித்த மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்து ஸ்டெல்லா ஜான்ஸியின் தலையைச் சுற்றினாள். ஜெபம் பாதியில் அவளுக்குத் தடுமாறியது, நான் எடுத்துக் கொடுத்தேன். அடுப்பில் போட்டபோது மிளகாய் வெடித்தது, நெடி மட்டும் வரவே இல்லை. அவ்வளவு பயம் பட்டிருக்கிறது என்றாள் ஸ்டெல்லா.

காலையில் ஜான்ஸி கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்று கேட்டாள்.

9

ஏழு வருடம் ஓடிவிட்டது. எங்களுக்கு எல்லாத் தாளும் கிடைத்துவிட்டன. நான் இப்போதும் அசலோடு ஒரு ஜெராக்ஸும் வைத்திருக்கிறேன். ஜான்ஸிக்குக் கனவு வருவதே இத்தாலிய மொழியில்தான் என்கிறாள். எங்களோடு பேசுவதற்கு அவளிடம் இருப்பது ஆறு வயதில் நின்றுபோன அத்தையின் தமிழ். அது வளரவும் இல்லை, மாறவும் இல்லை.

போன வாரம் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அப்போது கேட்டேன். ஏன் அதற்கு முன் கேட்கவில்லை என்றால், அந்த நாளைப் பற்றி வாயைத் திறக்கவே பயம்.

"அன்னிக்கு அந்தக் காவல்காரர்கிட்ட இன்னா சொன்ன நீ?"

ஜான்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, அதுவா? எங்கம்மாதான், ஆனா புது அம்மா, இப்பத்தான் வந்தாங்கன்னு சொன்னேன். மண்ணு மூணு வெரல்லதான் எடுக்கணும், எங்க அத்தை அப்டித்தான் எடுக்கும். இவங்களுக்கு எம்மாம் எடுக்கணும்னு தெரியாது, அதான் அம்புட்டையும் அள்ளிட்டாங்க. திருடல, இன்னும் அம்மா வேலய கத்துக்கினு கீறாங்க, அப்டின்னு சொன்னேன். கையெயுத்துப் போடுப்பா, டைம் ஆவுது."

நான் அடுப்புப் பக்கம் பார்த்தேன். ஸ்டெல்லா முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. அவளுக்கு இது கேட்டிருக்குமோ என்று பயந்தேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. அந்த அறையில் மொழி புரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். அப்போது நான் வந்து எட்டு மாதம், அவள் வந்து நாலு வருடத்துக்கு மேல். வாய்தான் திக்குமே தவிர, அந்த மொழியில் இட்ட வேலையும் வாங்கிய திட்டும் ஒன்றுகூட அவளுக்குப் புரியாமல் போனதில்லை. அன்று ஜான்ஸி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. அதை விழுங்கிக்கொண்டுதான் ரயிலில் என்னிடம் சாமி வழக்கம் என்றாள்.

அதற்குப் பிறகு ஜான்ஸி சைக்கிளிலிருந்து விழுந்த அன்றும், பள்ளி மாறிய அன்றும், காய்ச்சலில் பிதற்றிய அன்றும் ஸ்டெல்லா மண் எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று விரலால் எடுப்பாள். எடுத்ததை வெளிச்சத்தில் பார்ப்பாள். கூடுதலாகத் தெரிந்தால் கொஞ்சம் உதிர்த்துவிடுவாள். காவலர் பயம் இன்னும் போகவில்லை என்றே இத்தனை நாள் நினைத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று ஜான்ஸி ஓஸ்தியா போய்விட்டு வந்தாள். வண்டி தாமதமாகி, சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம். அதுவரை ஸ்டெல்லா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். வந்தவள் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனாள். ஸ்டெல்லா அந்த ஷூவை எடுத்துத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த மண்ணை மூன்று விரலால் சுரண்டினாள்.

"எம்மா, எதுக்கு அது? நான் ஒண்ணும் பயந்துக்கலயே," என்றாள் ஜான்ஸி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து.

"நான் பயந்தேன்," என்றாள் ஸ்டெல்லா. 

ஜான்ஸி வெளியே வந்தாள். அம்மாவின் விரலிலிருந்து அந்த மண்ணைத் தன் விரலுக்கு வாங்கிக்கொண்டாள். "அப்போ நீதான உக்காரணும்? கெயக்கப் பாத்து உக்காரு" என்றாள், அச்சு அசலாக என் அக்காவின் குரலில்.

ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, துண்டை நனைத்துக் கதவுக்கு அடியில் வைத்தேன்.